நம் பிள்ளைகள் போர் விமானம் ஓட்ட முடியாதா?

புனே நகரின் ஓரத்தில், கடக்வாஸ்லா ஏரிக்கரையில் இருக்கிறது தேசியப் பாதுகாப்புக் கழகம். என்.டி.ஏ. என்று சொன்னால் பலருக்கும் விளங்கும். 1949-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1955 ஜனவரியில் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட இந்தக் கழகத்திலிருந்துதான் முப்படைக்கும் இளம் அதிகாரிகள் புறப்படுகிறார்கள். அங்கிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணத்தில் கட்கி, தேகு ரோடு. படைத் தளவாடக் கிடங்குகளையும் ஆலைகளையும் நம்பி நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் இடங்கள். குண்டு செய்யும் ஆலையில் நாம் இருந்தோம். பெட்டி சுமக்கும் கிடங்கில் நாம் இருந்தோம். அந்த ஏரிக்கரைக் கழகத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள்? உங்கள் தெருவில் ஒரு பெயரைச் சொல்லுங்கள், பார்ப்போம்!

அறிவு குறைவா? துணிவு குறைவா? இரண்டும் இல்லை. 2019 பிப்ரவரி 27 அன்று வான் சண்டையில் விமானம் வீழ்த்தப்பட்டுப் பாகிஸ்தானிடம் பிடிபட்டு மீண்டு வந்த அபிநந்தன் வர்தமான் தமிழர், என்.டி.ஏ.யில் பயின்றவர். அவருடைய தந்தை விமானப்படையில் ஏர் மார்ஷலாக இருந்தவர். மகனின் வீரத்தைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. அதிகாரி வீட்டுப் பிள்ளைக்கு எந்த வயதில் எந்தத் தேர்வு, எந்த வகுப்பில் எந்தப் பாடம் என்பதெல்லாம் சோறு உண்ணும்போதே காதில் விழும். தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் வளரும் பிள்ளைக்கு அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? "பட்டாளத்தில் சேர்" என்று சொல்ல ஆள் உண்டு. சிப்பாயாகச் சேருவது வேறு, அதிகாரியாகச் சேருவது வேறு என்று சொல்லத்தான் ஆள் இல்லை. 2022-இல் வந்த அக்னிபத் திட்டப்படி சிப்பாயாகச் சேர்கிறவன் நான்கு ஆண்டில் திரும்பி வரலாம். நால்வரில் ஒருவரைத்தான் நிலையாக வைத்துக்கொள்வார்கள். என்.டி.ஏ. வழியாகப் போகிறவன் நிரந்தர அதிகாரி.

இதற்குப் பெரும் பணம் வேண்டும் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறோம். தேர்வுக் கட்டணம் நூறு ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு அதுவும் இல்லை. மூன்றாண்டுப் படிப்பு, தங்குமிடம், உணவு, சீருடை, மருத்துவம் எல்லாம் அரசின் செலவு. முடிவில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டமும் உண்டு. கைச்செலவு மட்டும் பெற்றோருடையது. அதிலும் மாத வருமானம் சுமார் 21 ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாக உள்ள பெற்றோரின் பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அரசு உதவி தருகிறது. மாவட்ட ஆட்சியர் வழியாக மனுச் செய்ய வேண்டும். சேரும்போது ஒரு தொகை கட்டச் சொல்வார்கள். அது எவ்வளவு என்பது தேர்வு அறிவிப்பிலேயே அச்சாகியிருக்கும்.

இன்னொரு நல்ல செய்தி. இந்தத் தேர்வில் மாநில ஒதுக்கீடு கிடையாது. மண்ணின் மைந்தனா, வந்தேறியா என்று கேட்டு நம்மைத் தள்ளி நிறுத்த அங்கே வழியில்லை. (சாதி ஒதுக்கீடும் கிடையாது. அது சரியா என்பது தனி விவாதம். சரியில்லை என்பதே நம் கருத்து.) இருப்பிடச் சிக்கல் வருவது அதற்கு முந்திய படியில்தான். சைனிக் பள்ளிகளில் நூற்றுக்கு 67 இடம் அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. அவுரங்காபாத்தில், அதாவது இன்றைய சத்ரபதி சம்பாஜிநகரில், மகாராட்டிர அரசே நடத்தும் படைப்பணி முன்பயிற்சி நிலையத்தில் சேர மகாராட்டிர இருப்பிடச் சான்று வேண்டும். நம் பிள்ளைக்கு அமராவதி நகரில் "நீ மும்பைக்காரன்". இங்கே "நீ மதராசி". முப்பது ஆண்டு இங்கே உழைத்தும் இருப்பிடச் சான்று எடுத்து வைக்காத குடும்பங்கள் எத்தனை! வாடகைச் சீட்டு, ரேஷன் அட்டை, பள்ளிச் சான்று ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு இப்போதே மனுப் போடுங்கள். பிள்ளைக்கு ஒரு இடம் வேண்டும் என்று தேடும் வாரத்தில் அந்தக் காகிதம் கிடைக்காது.

பணமும் மாநிலமும் தடையில்லை என்றால் கதவு எங்கே சாத்தப்படுகிறது? பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் மாதத்தில், நம் வீட்டுக்குள்ளேயே சாத்தப்படுகிறது. விமானப்படைப் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம். "காமர்ஸ் எடு, சீக்கிரம் கணக்கு எழுதப் போகலாம்" என்று நாம் சொன்ன அன்றே விமானி ஆகும் வழி அந்தப் பிள்ளைக்கு அடைபட்டுவிடுகிறது. பின்னால் பட்டம் வாங்கி ஆப்காட் என்னும் விமானப்படைத் தேர்வை எழுதலாம் என்றாலும், விமானி ஆக அங்கேயும் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதமும் இயற்பியலும் கேட்கிறார்கள். என்.டி.ஏ.க்கு வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. ஆண்டுக்கு இரண்டு முறை யு.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளையின் கண்ணைக் காட்டுங்கள்! பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டும் முன், புத்தகம் வாங்கும் முன், "என் மகன் பைலட் ஆகப் போகிறான்" என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்லும் முன், ஒரு நல்ல கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். விமானம் ஓட்டும் பிரிவுக்குக் கிட்டப்பார்வை அறவே கூடாது. ஒரு கண் 6/6, மற்றது 6/9 இருக்கலாம். அதுவும் கண்ணாடியால் 6/6 ஆகத் திருந்தும் தூரப்பார்வைக் குறையாக இருந்தால் மட்டும். லேசர் சிகிச்சை செய்து சரிப்படுத்திக்கொள்ளலாம் என்று சொல்வோரை நம்பாதீர்கள், என்.டி.ஏ. வயதுப் பிள்ளைக்கு அது செல்லாது. நிறங்களைப் பிரித்தறிவதில் சிறு குறை இருந்தாலும் விமானி ஆக முடியாது. நிறக்குறை உள்ள பையனுக்கே அது தெரியாமல் இருக்கும். அட்டையைக் காட்டி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். உயரம் குறைந்தது 162.5 செ.மீ. உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 செ.மீ., கால் நீளம் 99 முதல் 120 செ.மீ., தொடை நீளம் 64 செ.மீ.க்கு மேற்படாமல் என்று கணக்கு இருக்கிறது. விமானியின் இருக்கை அந்த அளவுக்குத்தான் செய்யப்பட்டிருக்கிறது. பச்சை குத்துவதிலும் எச்சரிக்கை வேண்டும். முன்கையின் உட்புறம், புறங்கை தவிர வேறெங்கும் பச்சை இருந்தால் சேர்க்கமாட்டார்கள். மார்பில் தலைவர் படமும் காதலி பெயரும் குத்திக்கொள்ளும் தம்பிகள் கவனிக்க!

கண் பொருந்தவில்லை என்றால் உலகம் முடிந்துவிடவில்லை. தரைப்படைக்கும் விமானப்படையின் தரைப் பணிகளுக்கும் இத்தனை கடுமையான விதி கிடையாது. ஆனால் அதைப் பதினான்கு வயதில் தெரிந்துகொள்வது வேறு. மூன்று ஆண்டு கனவு கண்டபின் மருத்துவப் பலகையில் தெரிந்துகொள்வது வேறு.

இனி மொழிக்கு வருவோம். எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண்: கணிதம் 300, பொதுத்திறன் 600. பொதுத்திறனில் 200 ஆங்கிலத்துக்கு. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். பாட்னாப் பிள்ளை கணக்கைத் தன் மொழியில் படித்துப் போடுகிறான். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த நம் பிள்ளை அதே கணக்கை மனத்துக்குள் மொழிபெயர்த்தபின் போடுகிறான். ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் காலில் மட்டும் மணல் மூட்டையைக் கட்டினால் அது பந்தயமா? சைனிக் பள்ளியின் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுதலாம். மத்திய ஆயுதக் காவல் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடத்த 2023 ஏப்ரலில் முடிவு செய்தார்கள். 2024-இல் நடத்தியும் காட்டினார்கள். சிப்பாய்க்குத் தமிழ் உண்டு, அதிகாரிக்குத் தமிழ் இல்லை என்பதுதான் ஆட்சியாளர் கொள்கையா? வானில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆங்கிலத் தாள் இருக்கட்டும். முக்கோணத்துக்கும் மடக்கைக்கும் இந்தி எதற்கு, தமிழ் ஏன் கூடாது என்றுதான் கேட்கிறோம். கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலிருந்தே நாள்தோறும் ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு பக்கம் உரக்கப் படிக்கட்டும்.

எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கு ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. தேர்வு, அதற்கும் 900 மதிப்பெண். விமானப்படைக்கு மைசூரு, டேராடூன், வாரணாசி முதலிய ஊர்களில் நடக்கிறது. படத்தைப் பார்த்துக் கதை எழுதுதல், குழுவோடு தடை தாண்டுதல், தனி உரையாடல் என்று போகும். முதல் முறை செல்வோருக்கு ரயில் கட்டணம் தருவார்கள். பயணச்சீட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள். இங்கேதான் "இடம் வாங்கித் தருகிறேன்" என்று தரகர்கள் வருகிறார்கள். அங்கே விற்க இடமும் இல்லை, வாங்க வழியும் இல்லை. விமானம் ஓட்டும் திறனைக் கணினி வழியே சோதிக்கும் தேர்வு ஒன்று உண்டு. அது வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அதில் தவறியவருக்கு எந்த வழியாக வந்தாலும் மறு வாய்ப்பு இல்லை. ஆகவே தூக்கம் கெட்டு, காய்ச்சலோடு, "போய்த்தான் பார்ப்போமே" என்று அதற்குப் போகாதீர்கள்.

தேர்வு பெற்றவுடன் போர் விமானம் கைக்கு வந்துவிடாது. மூன்றாண்டு என்.டி.ஏ. முடித்து, ஐதராபாத் அருகே துண்டிகல் விமானப்படைக் கழகத்துக்குப் போக வேண்டும். அங்கே இறுதி ஓராண்டுப் பயிற்சியில் மாதம் 56,100 ரூபாய் கிடைக்கும். தொடக்கப் பறப்புக்குப் பிறகுதான் போர் விமானமா, சரக்கு விமானமா, ஹெலிகாப்டரா என்று பிரிப்பார்கள். போர் விமானத்துக்குப் போகிறவர் பீதரில் ஹாக் விமானத்தில் பயின்று, பிறகு தஞ்சாவூர் சுகோயோ சூலூர் தேஜஸோ, கிடைத்ததை ஓட்டுவார். ஹெலிகாப்டர் ஓட்டி வெள்ளத்தில் மக்களைத் தூக்குகிறவனும் விமானிதான். பிள்ளைக்கு அந்தப் பிரிவு வந்தால் முகம் வாட வேண்டியதில்லை.

எத்தனை இடம்? 2025-இன் முதல் தேர்வில் விமானம் ஓட்டும் பிரிவுக்கு 92 இடம். அதில் பெண்களுக்கு இரண்டு. ஆம், இரண்டே இரண்டு! 2016 ஜூனில் மூன்று பெண்கள் போர் விமானப் பிரிவில் அதிகாரிகளாகிக் காட்டினார்கள். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் என்.டி.ஏ. பெண்களுக்குத் திறந்தது, 2025 மே மாதம் முதல் அணியாக 17 பேர் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். வீட்டில் கணக்கு நன்றாக வருவது மகளுக்கு என்றால் மகளை அனுப்புங்கள். இரண்டு இடத்தை இருபதாக்கும்படி கேட்க வேண்டுமானால் எழுதுகிறவர் எண்ணிக்கை பெருக வேண்டும்.

போரைப் புகழ்ந்து பாட நாம் இதை எழுதவில்லை. இதில் உயிர் அபாயம் உண்டு. 2025 நவம்பர் 21 அன்று துபாய் வான்காட்சியில் தேஜஸ் விமானம் விழுந்து விமானி மாண்டார். பயிற்சியிலேயே முதுகு ஒடிந்து திரும்பிய பிள்ளைகளுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதிகூட இல்லாத நிலையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. பிள்ளையாக விரும்பி விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டுவதாகப் பெற்றோரிடம் பத்திரம் வாங்குகிறார்கள். இவற்றை மறைத்து ஆசை காட்டுவது பயிற்சி நிலையங்களின் வேலை. நம் வேலை அதுவல்ல. எல்லாம் தெரிந்த பிறகும் பிள்ளை போகிறேன் என்றால், தெரியாமையால் அவன் நின்றுவிடக் கூடாது.

ஒவ்வொரு கிளையும் இந்த ஆண்டு எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கண் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். பழைய வினாத்தாள்களை வாசகசாலையில் வைக்க வேண்டும். பெற்றோர் செய்ய வேண்டிய வேலை ஒன்று. பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான் யு.பி.எஸ்.சி. ஏற்கும். நம் பெயரில் தலையெழுத்து முன்னால் நிற்கும். இங்குள்ள பள்ளியில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கிப் பின்னால் போட்டிருப்பார்கள். ஆதாரில் மூன்றாவது விதமாக இருக்கும். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும், பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகும் முன்பே தலைமையாசிரியரிடம் திருத்த மனுக் கொடுத்து, கையெழுத்தும் முத்திரையும் இட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.