கோர்ட் காகிதத்தை எரவாணத்தில் செருகாதீர்கள்

2019 மார்ச் மாதம். மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காயப்போட்டிருந்தோம். ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்ட, கோர்ட் அமீனா எங்கள் தோட்டத்துச் சாளைக்கு வந்து இறங்கினார். கையில் ஒரு நோட்டீஸ். "ஏனுங், உங்க மேல டிகிரி ஆகி ரெண்டு வருசம் ஆச்சுங்க. பணம் கட்டலீன்னா பூமியை ஜப்தி பண்ணோணும்னு மனுப் போட்டிருக்காங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கு எப்போது நடந்தது? யார் வாதாடினார்கள்? நான் கோர்ட் படியே ஏறினதில்லையே!

இதை எழுதக் காரணம் என் கதையைச் சொல்லிப் புலம்ப அல்ல. இயற்கை விவசாயத்துக்கு மாறிய நம்மில் பலர், மண்ணிலிருந்து ரசாயனத்தை இறக்கிவிட்டோம். பழைய உரக்கடைக் கணக்கை மட்டும் இறக்காமல் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறோம். அது ஒருநாள் கோர்ட் காகிதமாக வரும். வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பது ஜீவாமிர்தம் தயாரிப்பதைப்போல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் என் கருத்து.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2010இல் மஞ்சள் விலை உச்சத்துக்குப் போனது நினைவிருக்கும். அந்த ஆசையில் 2011இல் இரண்டரை ஏக்கர் நட்டேன். அடியுரம், மேலுரம், களைக்கொல்லி, நுண்ணூட்டம் எல்லாம் கடன். ஜூன் மாதம் கடைக்காரர் 85,000 ரூபாய்க்குப் புரோநோட்டு எழுதி, ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்கினார். வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய். அறுவடை வந்தபோது விலை மளமளவென்று சரிந்துவிட்டது. 12 மூட்டை மஞ்சளைக் கடைக்காரரே கடனுக்கு எடுத்துக்கொண்டார். 2013 ஜனவரியில் 20,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். இரண்டுக்கும் ரசீது கேட்கவில்லை. "நமக்குள்ள என்னங்க ரசீது" என்பதுதான் இரண்டு பக்கமும் பேச்சு. என் கணக்கில் 50,000 போல அடைந்தது. அசலில் 35,000 நின்றது.

அந்த வருடம் உரக்கடைப் பக்கம் போகாமல் மஞ்சள் நட்டேன். நம்மாழ்வார் ஐயா மறைந்ததும் அந்த வருடம்தான். நாட்டு மாடு வாங்கினேன், சாளைக்கே குடிவந்தேன், கடன் வாங்குவதை விட்டேன். பாக்கியை மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். 2016இல் வக்கீல் நோட்டீஸ் ஒன்று வந்தது. படித்தேன், விதைப் பைக்குள் வைத்தேன், பதில் போடவில்லை. அது என் முதல் தப்பு.

அக்டோபரில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அசல் 85,000, வட்டி 54,400, ஆக 1,39,400 ரூபாய். 12 மூட்டை மஞ்சளும் 20,000 ரொக்கமும் பிராதில் எங்கேயும் இல்லை. சம்மன் ஊருக்குள் இருந்த பழைய வீட்டு விலாசத்துக்குப் போயிருக்கிறது. பாகப்பிரிவினையில் அது பெரியம்மா பங்குக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. வீடு பூட்டியிருந்ததால் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாது. "நீ வந்தாக் குடுக்கலாம்னு எரவாணத்துல செருகி வெச்சேன் சாமி" என்று 2019இல்தான் எடுத்துக் கொடுத்தார். 2017 பிப்ரவரியில் நான் ஆஜராகவில்லை என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிட்டது. கோர்ட் பாஷையில் எக்ஸ்பார்ட்டி டிகிரி.

அமீனா வந்துபோன அன்றைக்கே எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர், "மாட்டை எங்காவது ஓட்டிவிட்டுருங்க" என்றார். இன்னொருவர், "பேசி ஒரு லட்சத்துல முடிச்சுக்கோங்க, கோர்ட்டெல்லாம் நமக்கு ஆகாது" என்றார். நானும் தாலிக்கொடியை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டேன். மகள்தான் விடாப்பிடியாக ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனாள். அவர் நகல் மனுப் போட்டு, பிராது, புரோநோட்டு, தீர்ப்பு மூன்றையும் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, இந்த வழக்கு போடும்போதே செத்துப்போனதுங்க."

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, கேட்கும்போது தர வேண்டிய புரோநோட்டுக்கு அது எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 2011 ஜூனில் எழுதியது 2014 ஜூனோடு முடிந்தது. நான் கடைசியாகப் பணம் கொடுத்த 2013 ஜனவரியிலிருந்து எண்ணினாலும் 2016 ஜனவரியோடு முடிந்தது. வழக்கு வந்ததோ அக்டோபரில். அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு, காலம் கடந்த வழக்கை எதிராளி ஆட்சேபிக்காவிட்டாலும் கோர்ட்டே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது. பிரதிவாதி எதிருரை போடாவிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு சொல்லக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1999இலேயே சொல்லியிருக்கிறது. என் தீர்ப்பிலோ நாலே வரி. பிரதிவாதி அழைக்கப்பட்டார், வரவில்லை, வாதி விசாரிக்கப்பட்டார், வழக்கு நிரூபிக்கப்பட்டது. அவ்வளவுதான். தேதியை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பாருங்கள் என்று சொல்ல நானும் அங்கே இல்லை.

அதனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. செத்த கடனுக்கு உயிர் கொடுப்பது பெரும்பாலும் நம்முடைய மௌனம்தான். டிகிரி ஆகிவிட்டால் அதை நிறைவேற்ற அவர்களுக்கு 12 வருடம் அவகாசம் உண்டு. காலாவதியான கடன் என்று அப்போது ஜப்தி மனுவில் சொல்லிப் பயனில்லை. முதலில் டிகிரியை உடைக்க வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 9, விதி 13. ஒன்று, சம்மன் முறையாகச் சேரவில்லை என்று காட்ட வேண்டும். அல்லது வர முடியாமல் போனதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். காலம் 30 நாள்தான். தீர்ப்புத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் தீர்ப்பு நமக்குத் தெரிந்த நாளிலிருந்து. அது தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனுப் போட்டு, ஒவ்வொரு காரணமாக விளக்க வேண்டும். சம்மன் வந்தது தெரிந்தே சும்மா இருந்தவருக்கு, சேர்ப்பித்ததில் சின்னக் குறை இருக்கிறது என்பது கைகொடுக்காது.

நாங்கள் 19ஆவது நாள் மனுப் போட்டோம். ஜப்திக்குத் தடை கேட்டும் ஒரு மனு. சாளை விலாசத்தில் இருந்த ரேஷன் கார்டும் கரண்டு பில்லும்தான் சாட்சி. பெரியம்மாவும் கூண்டேறிச் சொன்னார். அக்டோபரில், எதிர்த்தரப்புக்கு 2,000 ரூபாய் செலவுத்தொகை கட்டச் சொல்லி, டிகிரியை ரத்து செய்து வழக்கைத் திரும்ப எடுத்தார்கள். எதிருரை போட்டோம். நடுவில் கொரோனா. 2022இல் காலம் கடந்த வழக்கு என்று தள்ளுபடி ஆனது.

இனி, பலரும் என்னிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "வாங்கின கடனைச் சட்டத்தைக் காட்டித் தப்பிக்கிறது உழவனுக்கு அழகா?" எங்கய்யன் இருந்திருந்தால் அவரும் இதைத்தான் கேட்டிருப்பார். கேட்க வேண்டிய கேள்விதான்.

காலவரையறை என்பது கடனை அழிப்பதில்லை. கோர்ட் வழியாக வசூலிக்கும் கதவைத்தான் அடைக்கிறது. ஏன் அடைக்கிறது? வருடம் ஓட ஓட ரசீது தொலையும், சாட்சி சாவான், வட்டி மட்டும் வளரும். கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதே கணக்கு என்று ஆகிவிடும். நம் கையில் புத்தகம் இருந்ததில்லை. என்னிடம் 1,39,400 கேட்டார்களே, அது நான் பட்ட கடனா? என் கடன் 35,000. பொய்க் கணக்குக்குப் பூமியைக் கொடுப்பது நாணயம் ஆகாது. தீர்ப்பு வந்த அடுத்த மாதம் கடைக்காரரிடம் நானே போய் என் கணக்கைச் சொல்லி, அந்த 35,000த்தை இரண்டு தவணையில் கொடுத்தேன். இந்தமுறை ரசீது வாங்கினேன். பைத்தியக்காரன் என்றவர்களும் உண்டு. எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. கொடுப்பதா வேண்டாமா என்பதை ஜப்தி நோட்டீஸ் முடிவு செய்யக்கூடாது, நாம் முடிவு செய்ய வேண்டும் என்கிறேன்.

நண்பர்கள் கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் வக்கீல் அல்ல. உங்கள் காகிதத்தை வக்கீலிடம் காட்டித்தான் முடிவெடுக்க வேண்டும்.

கையெழுத்துதான் எல்லாம். மூன்று வருடம் முடிவதற்குள், "பாக்கி உண்டு" என்று எழுதியோ, புரோநோட்டின் முதுகில் வரவு எழுதியோ நாம் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம். காலம் முடிந்த பிறகும், "தந்துவிடுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அது புது வாக்குறுதி. வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால், பிற்பாடு அதில் எழுதப்படும் தேதியைப் பொய் என்று நிரூபிக்கும் சுமை நம் தலையில். எந்த அவசரத்திலும் போடாதீர்கள்.

எல்லாக் கடனுக்கும் மூன்று வருடம் என்று நினைக்காதீர்கள். நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்கு 12 வருடம். கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு வேறு சட்டம், வேறு வழி.

மாட்டை ஒளிக்க வேண்டியதில்லை. பிழைப்புக்குத் தேவையான உழவுக் கருவி, மாடு, விதைத் தானியம், உழவர் குடியிருக்கும் வீடு ஆகியவற்றைப் பணக் கடனுக்கான ஜப்தியிலிருந்து நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் பூமிக்கு அந்தக் காப்பு இல்லை.

வக்கீல் வைக்க முடியாது என்று ஒதுங்காதீர்கள். தாலுக்கா கோர்ட்டிலேயே சட்டப்பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நம் பெயரில் வழக்கு ஏதும் இருக்கிறதா என்று ஈகோர்ட்ஸ் செயலியில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை.

நம் இயக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் பூச்சிவிரட்டியும் விதைப் பரிமாற்றமும் முடிந்த பிறகு, அரைமணி நேரம் காகிதத்துக்கு ஒதுக்குங்கள். அவரவர் வீட்டில் எரவாணத்திலும் பரணிலும் விதைப் பைக்குள்ளும் இருக்கிற நோட்டீஸ்களை எடுத்துவரச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்தவர் படிக்கட்டும், தேதியை எண்ணட்டும். இரண்டு மூன்று வக்கீல்களை நம் கூட்டத்துக்கு அழைத்து, அவர்களுக்கு நம் அரிசியும் மஞ்சளும் கொடுத்து, நம் சந்தேகத்தைக் கேட்போம்.

எங்கள் பெரியம்மாவுக்கு இப்போது ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். முத்திரை போட்ட காகிதம் எது வந்தாலும், யார் பெயருக்கு வந்தாலும், அன்று பொழுது சாய்வதற்குள் என் கைக்கு வர வேண்டும். நீங்களும் உங்கள் வீட்டில் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.