‘பரிசோதனை’ என்னும் சொல் யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது?

கொல்கத்தாவின் பரேக் அண்ட் சிங் இருவர் குழு, ஆங்கிலத்தில் பாடுவது. ஜீவராஜ் சிங் அதற்கு முன்பே பிங்க்நாய்ஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். 2016-இல் அவர்களது ‘ஓஷன்’ தொகுப்பு பன்னாட்டுக் கவனம் பெற்றபோது, பேச்செல்லாம் ஒலியமைப்பையும் காணொளியின் வண்ணங்களையும் சுற்றியே இருந்தது. அது நியாயமே. சென்னையில் கபேர் வாசுகியும் தென்மாவும் முன்னின்று நடத்திய ‘குரங்கன்’ தமிழில் பாடியது. அத்தகைய குழுவைப் பற்றி ஆய்வரங்கில் எழும் முதற்கேள்வி ‘பாடல் என்ன சொல்கிறது?’ என்பதாகவே இருக்கிறது. எப்படி ஒலிக்கிறது என்று கேட்பார் அரிது.

மைசூருப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பயின்ற ரகு தீட்சித்தின் இசைக்கு ‘நாட்டார் ராக்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஷிஷுனாள ஷரீபரின் பாடல்களை எடுத்தாண்டவர் என்பதால் அப்பெயர் ஓரளவு பொருந்தலாம். தம் வரிகளைத் தாமே எழுதும் நகரத்து இளைஞருக்கும் அதே அலமாரியா? ஆங்கிலத்தில் பாடினால் கலைஞன், தாய்மொழியில் பாடினால் தகவலாளி என்னும் இப்பிரிவினைக்கு எந்த இசையியல் அடிப்படையும் இல்லை.

மொழியியல் அடிப்படை இருக்கிறதா என்றால், அது நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. ராக் தாளத்தின் அடி இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் விழுகிறது. ஆங்கிலத்தின் அழுத்த அசைகள் அதில் எளிதாக உட்காரும். தமிழ்ச் சொல்லில் பொருளைப் பிரிப்பது அழுத்தமன்று, கால அளவு. ‘கல்’ நீண்டால் ‘கால்’. கன்னடத்திலும் ‘கல்லு’ வேறு, ‘காலு’ வேறு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என மாத்திரை வகுத்த மரபு, ஓசை குறையும் இடத்தில் அளபெடையையும் அனுமதித்தது. இந்தக் கணக்கைக் கிதாரின் இரைச்சலுக்கும் டிரம்ஸின் அடிக்கும் நடுவே, பேச்சுவழக்கின் தொனி கெடாமல் காப்பாற்றுவது கடினமான வேலை. பரிசோதனை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது?

‘திரையிசை இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்கிறதே’ என்பர். திரையிசையில் பெரும்பாலும் மெட்டு முன்னே பிறக்கிறது, சொல் பின்னே வந்து பொருந்துகிறது. இருவர் குழுவில் எழுதுபவரும் இசைப்பவரும் ஒரே மேசையில் அமர்கின்றனர்; ஒரு நெடிலுக்காக மெட்டையே மாற்றலாம். இந்த வேறுபாட்டைப் பேசாத திறனாய்வு பாதியில் நின்றுவிட்டது.

பின்னர் தென்மா இசையமைப்புப் பொறுப்பேற்ற ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். அரசியலை மட்டும் பாராட்டிவிட்டு நகரும் கட்டுரைகள், அக்கலைஞர்களுக்குக் கோபம் உண்டு, நுட்பம் இல்லை என்று சொல்லாமற் சொல்கின்றன. முற்போக்கு மொழியில் எழுதப்பட்டாலும் இது பழைய அவமதிப்புதான். நாளைய ஆய்வேடுகள் இவற்றையே மேற்கோள் காட்டும் என்பதுதான் அச்சம்.

விஜயநகருக்கு அருகிலேயே, மானசகங்கோத்ரியில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. அதே வளாகத்தின் ஜெயலட்சுமி விலாசத்தில் நாட்டார் அருங்காட்சியகமும் இருக்கிறது. இப்பாடல்களை இரண்டாவதற்கு அனுப்பும் அவசரம் எதற்கு? ஒரு மடிக்கணினியும் பிராட் மென்பொருளும் இருந்தால், ஒரு பாடலின் குறில் நெடில்களை அளக்க ஒரு பிற்பகல் போதும்.