சுவரிலிருக்கும் நிழல்

நம் புதுச்சேரி தன்னைச் சுவரிலே எழுதி வைத்திருக்கும் ஊர். தெருமுனைப் பலகைகளில் பிரெஞ்சும் தமிழும் சேர்ந்திருப்பதைக் கண்டே வெளியூரார் நம்மை இன்னாரென அறிகின்றனர். அரசாங்க விளம்பரங்களும் அவ்வாறே ஒரு சமுதாயத்திற்கு முகம் கொடுக்கின்றன. போலியோச் சொட்டு மருந்துப் பலகைகள், பிள்ளையை ஏந்தி வரும் பொறுப்புள்ள பெற்றோராக நம்மைச் சித்திரித்தன. நாமும் அவ்வாறே வரிசையில் நின்றோம்.

குழந்தைப் பாதுகாப்பு விளம்பரங்களில் நிலைமை வேறு. அழும் குழந்தை, அதன்மேல் கவியும் கரிய நிழல், கீழே 1098 என்னும் எண். 1996இல் மும்பையில் தொடங்கிய இலவசத் தொலைபேசி உதவி அது. அந்த நிழலுக்கு முகமில்லை. ஆகவே அவன் எங்கிருந்தோ வந்த அயலான், நாமோ நல்லவர்கள் என்று எண்ணி நடந்துவிடுகிறோம். வரைபவரைக் குறை கூறுவதற்கில்லை. சாச்சாவின் முகத்தையோ, ஓதிக் கொடுப்பவரின் முகத்தையோ யார்தாம் வரைவார்?

ஆயினும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், சிறுமியர் மீதான வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு அறிமுகமானவரே. 2024 மார்ச்சில் நம் நகரில் 9 வயதுச் சிறுமி கொல்லப்பட்டு ஊரே வீதிக்கு வந்ததே, அவ்வழக்கில் கைதான இருவரும் அதே பகுதியில் வசித்தவர்கள்தாம்.

நம் மஹல்லாவில் இத்தகைய முறையீடு எழுந்தால் முதலில் நினைவுக்கு வருவது குடும்ப மானம். பெரியவர்கள் கூடிப் பேசி, மன்னிப்புக் கேட்கச் செய்து, பிள்ளையை நன்னியின் ஊருக்கு அனுப்பிவிடுகின்றனர். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதற்கு இடமளிக்கவில்லை. குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்; தவறினால் ஆறு மாதம் வரை சிறை. தன்கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. மதரஸா நிர்வாகிகளும் இதில் அடக்கம். குழந்தையின் பெயரையும் அடையாளத்தையும் ஊடகங்கள் வெளியிடலாகாது என்று 23ஆம் பிரிவு தடுப்பதால், மானம் போய்விடுமென்ற அச்சத்திற்கும் சட்டத்திலேயே ஒரு காப்பு உண்டு. சட்டம் இருக்கட்டும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நமக்குப் பணித்திருக்கிறதே!

பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரமும், நிகாஹ் செய்தியும், ஜனாஸா அறிவிப்பும் எழுதுகிறோம். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில், அவற்றின் கீழே 1098 என்று பிள்ளைகள் படிக்கும் உயரத்தில் எழுதலாமா என்று யாரேனும் ஒருவர் எழுந்து கேட்கட்டும். பெண்கள் கேட்டனுப்பினாலும் சரியே.