மேசையைத் துடைத்தது போதும், சன்னலைத் திறப்போம்



சென்ற வாரம் நடந்த ஒன்றை எழுதாமல் இருக்க இயலவில்லை. புக்கிட் மேரா வட்டாரத்தில் நான் கற்பிக்கும் தமிழ் வகுப்பில் முன்பு ஒரு வாசிப்பு மூலை இருந்தது. கொவிட்-19 பரவிய 2020ஆம் ஆண்டில் அதிலிருந்த கதைப்புத்தகங்களைப் பெட்டிகளில் அடுக்கி மூடினோம். இன்றுவரை அவை திறக்கப்படவில்லை. மீண்டும் எடுத்து வைக்கலாம் என்று பெற்றோர் சந்திப்பில் கூறினேன். “புத்தகத்தில் கிருமி நாள்கணக்கில் உயிரோடு இருக்குமாமே, டீச்சர்” என்றார் ஒரு தந்தை. உடனிருந்த ஆசிரியர் ஒருவரும் தலையசைத்தார். பேச்சு அத்துடன் முடிந்தது.

அதே தந்தையின் மகன் அன்று காலை, சன்னல்கள் அடைக்கப்பட்ட குளிரூட்டிய அறையில் இரண்டு மணி நேரம் இருமிக்கொண்டே அமர்ந்திருந்தான். காய்ச்சல் மருந்து கொடுத்து வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். அதைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல், அஞ்ச வேண்டாததற்கு அஞ்சிக்கொண்டிருக்கிறோம். இதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இந்த அச்சம் காரணமின்றி வந்ததன்று. 2003இல் சார்ஸ் நோய் சிங்கப்பூரில் 238 பேரைத் தாக்கி 33 உயிர்களைப் பறித்தது. நம் வட்டாரத்திலுள்ள சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலும் அது பரவியது. மார்ச் 27ஆம் நாள் முதல் பள்ளிகள் மூடப்பட்டன. மீண்டும் திறந்தபின் மாணவர்களுக்கு வெப்பமானிகள் வழங்கப்பட்டன. நாள்தோறும் உடல்வெப்பம் பார்த்துக் குறித்தோம். அவ்வாண்டு மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் ஆய்வுக்கூட முடிவுகளை வெளியிட்டது. அந்த வைரஸ் மலத்தில் ஓரிரு நாள்களேனும், வயிற்றுப்போக்கு உள்ளவரின் மலத்தில் நான்கு நாள்கள் வரையிலும் தாக்குப்பிடிக்கும் என்றது. ‘நான்கு நாள்’ என்பது நம் மனத்தில் நின்றது. ‘மலத்தில்’ என்பது மறந்துபோயிற்று.

2020 மார்ச்சில் வெளிவந்த அமெரிக்க ஆய்வுக்கும் இதே கதிதான். கொவிட்-19 வைரஸ் பிளாஸ்டிக்கின்மேல் 72 மணி, எஃகின்மேல் 48 மணி, அட்டையின்மேல் 24 மணி, செம்பின்மேல் 4 மணி வரை கண்டறியப்பட்டது என்னும் பட்டியல் கைப்பேசிதோறும் வலம் வந்தது. ஆனால் பிளாஸ்டிக்கின்மேல் ஏறத்தாழ ஏழு மணிக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைந்துகொண்டே வந்தது என்பதும், மூன்றாம் நாள் முடிவில் எஞ்சியது தொடக்க அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதும் வலம் வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே ஊற்றிய துளியில் கடைசிச் சுவடு மறையும் நேரம் வேறு. ஒரு பிள்ளைக்கு நோய் தொற்றப் போதுமான அளவு எஞ்சியிருக்கும் நேரம் வேறு.

பழைய சளிக்காய்ச்சல் வைரஸின் கணக்கும் இதையே சொல்கிறது. 1982இல் வெளியான ஆய்வு ஒன்றில் அது எஃகிலும் பிளாஸ்டிக்கிலும் ஒன்று முதல் இரண்டு நாள் வரை இருந்தது. துணியிலும் காகிதத்திலும் 12 மணியைத் தாண்டவில்லை. கைக்கு வந்தபின் ஐந்து நிமிடத்துக்குமேல் தங்கவில்லை. கொவிட்-19 பற்றி 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் மதிப்பிட்டபோது, கிருமி படிந்த பரப்பை ஒருமுறை தொடுவதால் நோய் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றது.

அப்படியானால் நோய் எவ்வழியே வருகிறது? பெரும்பாலும் நாம் விடும் மூச்சின் வழியே. 2020 மார்ச் 10ஆம் நாள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பாடற்குழு ஒன்று பயிற்சிக்குக் கூடியது. வந்தவர் 61 பேர்; நோயுற்றவர் 53 பேர். தமிழ் வகுப்பில் நாம் செய்வதும் அதற்கு நெருக்கமானதே. குறளைக் கூட்டாக ஓதவைக்கிறோம்; பாடலைச் சேர்ந்து பாடவைக்கிறோம்; உரக்கப் படி என்கிறோம். அதை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் அதைச் சன்னலைச் சாத்திக்கொண்டு செய்வது என்ன அறிவு?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பரப்புகளால் தீங்கே இல்லை என்று சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டில் கை, கால், வாய்ப்புண் நோய் பரவியபோது இங்குப் பாலர் பள்ளிகள் மூடப்பட்டன. அக்கிருமி வேறு வகை. கொழுப்புறை இல்லாததால் அது வெளியில் நெடுநேரம் நிலைக்கும். கைக்குத் தடவும் சாராயக் கிருமிநாசினிக்கும் எளிதில் அடங்காது. வாயில் பொம்மை வைக்கும் மழலையர் வகுப்பில் துடைக்கத்தான் வேண்டும். எல்லா வகுப்பிலும் சோப்புப் போட்டுக் கை கழுவத்தான் வேண்டும். ஆனால் தொடக்கநிலை நான்கில் படிக்கும் பிள்ளையிடமிருந்து கதைப்புத்தகத்தைப் பறிக்க இது காரணமாகாது.

2021 ஜூனில் புக்கிட் மேரா வியூ சந்தையிலும் உணவங்காடியிலும் தொற்றுக் குழுமம் உருவாகி, சந்தை மூடப்பட்டதை நம்மில் பலர் நேரில் கண்டோம். அக்கம்பக்கத்தார் பரிசோதனைக்கு வரிசையில் நின்றார்கள். தாத்தா பாட்டியோடு ஒரே வீட்டில் வாழும் குடும்பங்களின் கலக்கம் எனக்குத் தெரியும். அந்தத் தாத்தா பாட்டியை எண்ணியே கேட்கிறேன்: அவர்களுக்கு ஆபத்து, பேரன் கொண்டுவரும் புத்தகத்திலா, இருமலோடு உட்கார்ந்திருந்த பேரனின் மூச்சிலா?

வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்தைக் கையில் பிடித்துப் படிக்கும் இடம் நம் வகுப்பறை ஒன்றே. அதையும் பெட்டியில் பூட்டிவிட்டு, பிள்ளைகள் தமிழில் வாசிப்பதில்லை என்று மேடையில் வருந்துகிறோம்.

பெற்றோர்களே, பிள்ளைக்குக் காய்ச்சலோ இருமலோ இருந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விட்ட பாடத்தை நான் மறுவாரம் சொல்லித் தருகிறேன். ஆசிரியர்களே, நாமும் இருமிக்கொண்டு வந்து கடமையுணர்ச்சி காட்ட வேண்டாம். மருத்துவ விடுப்பு எடுப்போம். மின்விசிறியைச் சுழலவிட்டுச் சன்னல்களைத் திறப்போம். குளிர்சாதனம் இன்றி முடியாத அறையானால், பாடவேளைகளுக்கு இடையிலாவது கதவையும் சன்னலையும் திறந்து காற்றை மாற்றுவோம்.

வரும் சனிக்கிழமை அந்தப் பெட்டிகளை நானே திறக்கப்போகிறேன். இத்தனை ஆண்டுகளாக மூடிக்கிடந்த பெட்டிக்குள் உயிரோடு ஏதேனும் இருந்தால், அது இராமபாணப் பூச்சியாகத்தான் இருக்கும். மறுப்புள்ளோர் நேரில் வந்து வாதிடலாம். வரும்போது பிள்ளைக்கு ஒரு கதைப்புத்தகமும் எடுத்துச் செல்லலாம்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்