பனிக்குப் பயந்து ஜன்னலோரம் உட்காராதீர்கள்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா, கனடா போய் வந்த நம்மூர்ப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "இன்னாத்த சொல்றது சார், தங்கக் கூண்டு. எப்பப் பாத்தாலும் பனி. வெளிய தல காட்ட முடியல." மார்க்கெட்டிலும் கோயில் பிராகாரத்திலும் இதைக் கேட்டுக் கேட்டு, இனிமேல் கிளம்பப் போகிறவர்களும் இப்போதே பயந்து கிடக்கிறார்கள். டொராண்டோவில் மகள் வீட்டில் இரண்டு குளிர்காலம் முழுசாக இருந்து வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பழி பனியின் மேல் இல்லை.

நம்மூர் வெயிலை யோசித்துப் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூர்ப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை நாம் யாரும் வெளியே போவதில்லை. அதற்காக ஆரணியை ஜெயில் என்றா சொல்கிறோம்? காலையிலேயே வேலையை முடிக்கிறோம், குடை பிடிக்கிறோம், மோர் குடிக்கிறோம். வெயிலோடு வாழ நமக்குத் தெரியும். டொராண்டோக்காரனுக்குக் குளிரோடு வாழத் தெரியும். அதை நாமும் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். அறுபத்தைந்து வயதில் செல்போன் கற்றுக்கொண்டவர்களுக்கு இது பெரிய வித்தையா?

நம் பயத்துக்கு ஒரு காரணம் மொழியிலேயே இருக்கிறது. மார்கழி மாதம் புல்லின் மேல் நிற்பதும் பனி, அங்கே வானத்திலிருந்து பஞ்சு மாதிரி கொட்டுவதும் பனி. "பனி தலையில இறங்கினா சளி பிடிக்கும்" என்று சின்ன வயதில் கேட்டதைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகிறோம். சளி வைரஸால் வருகிறது. ஜன்னலைச் சாத்திய அறைக்குள் நாலு பேர் அடைந்து கிடந்தால்தான் அது சுலபமாகப் பரவும். மார்கழிப் பனிக்குப் பயந்திருந்தால் நம் நெசவாளர்கள் விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டியிருப்பார்களா?

அடுத்தது உடுப்பு. நம்மவர்கள் பருத்தி பனியன், அதன் மேல் சட்டை, அதன் மேல் கனமான ஒரே ஒரு ஸ்வெட்டர், தலையில் மப்ளர் என்று கிளம்பி, பத்தே நிமிடத்தில் நடுங்கித் திரும்புகிறார்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அங்கே உடுப்பு மூன்று அடுக்கு. உள்ளே உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளியோ பட்டோ, நடுவில் கதகதப்புக்கு ஒன்று, மேலே காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் கோட்டு. ஆமாம், பட்டு! பனிச்சறுக்கு விளையாடுகிறவர்கள் உள்ளே பட்டுப் பனியன் போடுவது உண்டு. காலமெல்லாம் பட்டோடு வாழ்ந்த ஆரணிக்காரன் குளிரில் நடுங்கினால் வெளியே சொல்லிக்கொள்ளாதீர்கள்.

காலுக்கு நல்ல பூட்ஸ் வேண்டும். புதிதாக விழுந்த பனியில் கால் பதியும். அது உருகித் திரும்ப உறைந்து கண்ணாடி மாதிரி ஆகும்போதுதான் வழுக்கும். அதற்கு பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள் பட்டை கடைகளில் கிடைக்கிறது. உறைமழை பெய்யும் நாளில் வீட்டிலேயே இருங்கள். காரை எடுக்க வாசல் பனியை மண்வெட்டியால் தள்ளும் வேலையைத் தொடாதீர்கள். இதயத்துக்கு ஆகாது. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் குளிரில் நடக்க வேண்டும். இவ்வளவுதான் கட்டுப்பாடு.

சரி, வெளியே போய் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஸ்கார்பரோ பக்கத்து நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது, கதகதப்பாக உட்கார்ந்து படிக்கலாம். ஆலன் கார்டன்ஸில் 1910இல் கட்டிய கண்ணாடி மாளிகை இருக்கிறது. வெளியே பனி கொட்டும்போது உள்ளே வாழையும் பனை வகைகளும் பச்சைப் பசேலென்று நிற்கும். அதற்கும் டிக்கெட் இல்லை. நகரசபைக்கு முன்னால் உள்ள தடாகம் உறைந்த தளமாகி, குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை சறுக்குகிறார்கள். பார்த்துக்கொண்டு நின்றாலே ஒரு மணி நேரம் போகும். பஸ்ஸில் அறுபத்தைந்து வயதானவர்களுக்குச் சலுகை உண்டு. ஒரு தடவை கட்டணம் கொடுத்தால் இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம். தை பிறக்கும் ஜனவரிதான் அங்கே கடுங்குளிர் மாதம். அந்த ஜனவரியைத்தான் தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாட கனடா நாடாளுமன்றம் 2016இல் தீர்மானம் போட்டது. 1983க்குப் பிறகு போர் துரத்தி, கையில் ஒன்றுமில்லாமல் அந்தக் குளிரில் போய் இறங்கிய ஈழத் தமிழர்கள் கடை வைத்தார்கள், கோயில் கட்டினார்கள். அவர்களில் நம் வயதுக்காரர்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பொங்கல் விழாவுக்கு வருகிறார்கள். விமான டிக்கெட் கையில் வைத்துக்கொண்டு நாம் புலம்புகிறோம்.

இனி பிள்ளைகளுக்கு. "விழுந்துடுவீங்கப்பா, வெளிய போகாதீங்க" என்று அன்பாகத்தான் சொல்கிறீர்கள். மருத்துவச் செலவை நினைத்துப் பயப்படுவதும் நியாயம். ஆனால் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் சமைக்கவும் பலம் இருக்கிறவர்களுக்கு பஸ் நிறுத்தம் வரை நடக்கவும் பலம் இருக்கும். 2011இல் வந்த சூப்பர் விசாவில் முதலில் ஒரு தடவைக்கு இரண்டு வருடம் தங்கலாம் என்றிருந்தது. 2022 முதல் ஐந்து வருடம் வரை தங்கலாம். ஐந்து குளிர்காலமும் அம்மா சீரியல் பார்த்தும் அப்பா வாட்ஸ்அப் பார்த்துமா கழிக்க வேண்டும்? அவர்கள் வந்து இறங்கிய வாரமே அளவு பார்த்து பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். பஸ் கார்டும், கைச்செலவுக்குக் கொஞ்சம் டாலரும் கொடுங்கள். முதல் இரண்டு தடவை கூடவே போய் வழி காட்டுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது குழந்தைப் பொறுப்பிலிருந்து விடுதலை கொடுங்கள். பல வீடுகளில் பெற்றவர்களைக் கட்டிப்போடுவது இந்தப் பொறுப்புதான். பழி மட்டும் பனிக்குப் போகிறது.

கிளம்பப் போகிற நண்பர்களே, பெட்டியில் ஊறுகாயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், அங்கே எல்லாம் கிடைக்கிறது. ஹீட்டர் காற்றில் தோல் வெடிக்கும், அதற்குத் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பனி விழும் அன்று யாருக்கும் காத்திராமல் கோட்டை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். மறுநாள் இன்னும் கொஞ்ச தூரம்.