சண்டைப் புத்தகம் படிக்கிறாரா? படிக்கட்டும், விடுங்கள்!

"ரிட்டயர் ஆன மனுஷன் கோயில் குளம்னு போகலாம், பேரனை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகலாம். இவர் என்னடான்னா எப்பப் பார்த்தாலும் சண்டைப் புத்தகம், இல்லேன்னா கறுப்பு வெள்ளைப் படம்! வெட்டு, குத்து, குண்டுன்னு படிச்சா மனசு என்னத்துக்கு ஆகும்?"

இப்படி அலுத்துக்கொள்ளும் இல்லத்தரசிகள் நம் வீடுகளில் ஏராளம். எங்கள் வீட்டிலும் இந்த அர்ச்சனை தினமும் உண்டு. ஆனால் என் கட்சி வேறு. போர் வரலாறு படிப்பது மனக்கோளாறும் இல்லை, வெட்டிப் பொழுதும் இல்லை. படிக்கிற விதத்தில் படித்தால் மூளைக்கும் நல்லது, காலுக்கும் நல்லது.

காலுக்கு எப்படி என்கிறீர்களா? வள்ளூர், மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். புத்தகத்தில் வரும் யுத்தம் நம் வாசலிலேயே நடந்திருக்கிறது!

1780ஆம் வருடம் ஜூலையில் ஹைதர் அலி பெரும் படையோடு கர்நாடகச் சீமைக்குள் புகுந்தார். குண்டூரிலிருந்த கர்னல் பெய்லி என்ற வெள்ளைக்காரத் தளபதிக்கு, 'உடனே புறப்பட்டு வா' என்று ஓலை போனது. ஆகஸ்ட் 24ஆம் தேதி வாக்கில் அவர் கும்மிடிப்பூண்டி வந்து சேர்ந்தார். அங்கிருந்து சென்னை இரண்டு நாள் நடைதான். நேரே சென்னைக்கு வந்திருந்தால் கதையே வேறு. ஆனால், 'சென்னைக்கு வேண்டாம், காஞ்சிபுரத்துக்கு வந்து சேர்ந்துகொள்' என்று மேலிடத்து உத்தரவு. உத்தரவு போட்டவர் ஜெனரல் ஹெக்டர் மன்றோ. (சென்னையில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த மன்றோ இல்லை. அவர் தாமஸ்.)

பெய்லி 25ஆம் தேதி கொசஸ்தலை ஆற்றின் வடகரையில் முகாம் போட்டார். ஆற்றில் அப்போது தண்ணீர் இல்லை. 'காலையில் கடந்துகொள்ளலாம்' என்று படுத்தார்கள். இரவு மழை பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் இரு கரையும் தொட்டு வெள்ளம்! செப்டம்பர் முதல் வாரம் வரை படை அக்கரைக்குப் போக முடியவில்லை.

வள்ளூர் அணைக்கட்டில் வழிந்தோடுகிறதே, அதே ஆறுதான். 2015லும் 2021லும் அது செய்த கூத்தைப் பார்த்த நமக்கு பெய்லியின் தவிப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. லண்டனில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு, 'ஆறு பெருகியது' என்பது ஒரு வரி. நமக்கு அப்படியா?

செப்டம்பர் 6ஆம் தேதி பேரம்பாக்கத்தில் திப்பு அவரை மறித்துத் தாக்கினார். 10ஆம் தேதி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள புள்ளலூரில் எல்லாம் முடிந்தது. ராக்கெட்டும் பீரங்கியும் பொழிந்ததில் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லி கைதியாகி, 1782ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். மன்றோவோ பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரம் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் பின்வாங்கினார். பெய்லி பெயராவது புத்தகத்தில் நின்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் நம்மூர்ச் சிப்பாய்கள். அவர்கள் பெயரை யார் எழுதினார்கள்?

இதே புள்ளலூரில் பல்லவ மகேந்திரவர்மன் பகைவரை முறியடித்ததாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு அந்தக் காலம் பழக்கம்தான். ஒரே ஊரில் ஆயிரத்து நூறு வருஷ இடைவெளியில் இரண்டு யுத்தம்! ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய் வாருங்கள். வயலும் வரப்பும் சுற்றிவந்தால் ஒரு மணி நேர நடை தானாக ஆகிவிடும். வாரத்துக்கு 150 நிமிடமாவது வியர்க்க நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 'வாக்கிங் போங்க' என்றால் முகம் சுளிக்கிற மனிதர், 'யுத்தம் நடந்த இடம் பார்க்கலாமா?' என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியம் பின்னால் வருவதுதான். ஹைதரின் குதிரைப்படை சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களை எரித்தது. பயிர் போனது, மாடு போனது. அடுத்து வந்தது பஞ்சம். ஊரைவிட்டுப் பட்டினியோடு சென்னைக்கு ஓடிவந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782ல் ஒரு சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். அங்கே நோயாளிகளையும் பார்க்க ஆரம்பித்து, அது மெல்ல மெல்ல வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. பழைய ஆட்கள், 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்களே, காரணம் இதுதான். வடசென்னையிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் நாம் சீட்டு வாங்க வரிசையில் நிற்கிற ஆஸ்பத்திரியின் வேர் ஒரு யுத்தத்தில் போய் முடிகிறது. யார் ஜெயித்தார் என்பதோடு புத்தகத்தை மூடுகிறவருக்கு இது கிடைக்காது.

மூளைக்கு நல்லது என்றேனே, அதற்கும் சாட்சி இருக்கிறது. 75 வயது தாண்டிய 469 பேரைப் பல வருடம் கவனித்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2003ல் வெளிவந்தது. புத்தகம் படிப்பது, சதுரங்கம் மாதிரி ஆட்டங்கள், வாத்தியம் வாசிப்பது, நடனம் என்று இருந்தவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்தது. படித்ததால் வரவில்லையா, மூளை தெளிவாக இருந்ததால் படித்தார்களா என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும், காசு செலவில்லாத மருந்து! நூலகச் சந்தா என்ன பெரிய தொகையா?

சினிமாவுக்கு வருவோம். 1954ல் வந்த 'அந்த நாள்' பார்த்திருக்கிறீர்களா? 1943 அக்டோபரில் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட நாள்தான் அந்த நாள். பாட்டே கிடையாது. எஸ். பாலசந்தர் டைரக்‌ஷன், சிவாஜி நடிப்பு. சுட்டது யார் என்று நான் சொல்லப்போவதில்லை! ஆனால் படம் முடிந்ததும் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும் பாருங்கள், அது சீரியல் பார்த்து வராது.

1957ல் வந்த 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' இன்னொரு ரகம். இலங்கையில் கித்துல்கலவில் எடுத்தார்கள். அருமையான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சயாம் ரயில் பாதையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துப் போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்களே, அவர்களைப் படத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். இதனால்தான் படத்தைப் பார்த்தால் புத்தகத்தையும் படிக்கவேண்டும் என்கிறேன்.

சரி, இல்லத்தரசிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு தட்டு முறுக்கோடு உட்கார்ந்து யுத்தப் படம் பார்க்கிறவரை நான் ஆதரிக்க மாட்டேன். பிரஷருக்கு மாத்திரை போட்டுக்கொண்டே உப்பு முறுக்கா? சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருகிறவருக்குப் படத்தைவிடத் தூக்கம்தான் முக்கியம். மணிக்கணக்காக ஈஸிசேரில் சாய்ந்தே படிப்பதும் தப்பு. ஓர் அத்தியாயத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்கட்டும். ஐந்தாறு வயதுக் குழந்தை பக்கத்தில் இருக்கும்போது ரத்தம் தெறிக்கிற படம் வேண்டவே வேண்டாம். 'அது சும்மா சினிமாடா' என்று நாம் சமாதானம் சொல்லலாம். ராத்திரி அலறிக்கொண்டு எழுந்திருப்பது அதுதானே.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது நமக்குத் தெரியும். விமானத்துக்கும் ஷெல்லுக்கும் பயந்து பதுங்கு குழியில் ராத்திரியைக் கழித்தவர்கள் நம்மோடு ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். 'சண்டையெல்லாம் நேர்லயே பார்த்திருப்பீங்களே, சொல்லுங்க சார்!' என்று ஆசையாகக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்காதீர்கள். வருஷம் எத்தனை ஆனாலும் ஒரு பட்டாசுச் சத்தம் போதும், சிலருக்கு நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, தூக்கம் போய்விடும். அது மருத்துவம் பார்க்கவேண்டிய பிரச்சினை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் தெருவிலும் அப்படி ஒரு பெரியம்மா இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போர்ப் படம் போட்டால் நான் ஜன்னலைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து வைத்துவிடுகிறேன். வசனம் சரியாகக் கேட்பதில்லை. பரவாயில்லை, எல்லாம் ஏற்கெனவே நாலு தடவை பார்த்த படம்தான்.