வானுக்குள் ஒரு கரிவடி



பேசாலைப் பக்கமிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். லீசிங்கில் எடுத்த பழைய டீசல் வான் ஒன்று அவரிடம் இருக்கிறது. காலையில் பாடசாலைப் பிள்ளைகள், மத்தியானம் மன்னார் பஸாருக்கு ஒரு ஓட்டம், பின்னேரம் திரும்பவும் பிள்ளைகள். ஓட்டுபவர் உறவுக்காரப் பொடியன். சில கிழமைகளாக முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரிகிறது, ஆட்கள் நிறைந்தால் வண்டி இழுக்கவில்லை. கராஜில் காட்டியபோது, “டி.பி.எப். அடைத்துவிட்டது. புதிது போட இலட்சக்கணக்கில் வரும். வெட்டி எடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது” என்றார்களாம். வெட்டலாமா என்பதே அவரது கேள்வி.

கணவனை இழந்தபின், அல்லது காணாமற்போனவரைத் தேடிக்கொண்டே, வாகனம் ஒன்றை வாங்கி ஆள் வைத்து ஓட்டிச் சீவிக்கும் பெண்கள் எமது கரையோரத்தில் பலர் உள்ளனர். மாதத் தவணை வாகனம் ஓடினாலும் வரும், கராஜில் நின்றாலும் வரும். “உங்களுக்கு விளங்காது அக்கா, தம்பியை அனுப்புங்கோ” என்ற பேச்சும் அவர்களுக்குப் பழகிப்போனது. அரிக்கன் லாம்பின் சிமினி ஏன் கறுக்கிறது என்று தெரிந்தவருக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. ஆகவே இம்மாதம் இதைப் பார்ப்போம். டி.பி.எப். என்று அவர்கள் சொல்வதை நாம் கரிவடி என்று வைத்துக்கொள்வோம்.

டீசல் முழுமையாக எரியாதபோது கரி உண்டாகிறது. அதைப் பிடிப்பதற்காகப் புகைக்குழாயின் நடுவில், ஒரு உருக்குக் கூட்டுக்குள், தேன்வதை போன்ற பீங்கான் உருளை வைக்கப்பட்டுள்ளது. அதன் ஒரு துளைக்கு முன்வாய் திறந்திருந்தால் பின்வாய் அடைத்திருக்கும். பக்கத்துத் துளைக்கு அது மறுபக்கம். எனவே புகை துளைகளின் சுவரினூடாகக் கசிந்தே வெளியேற வேண்டும். வாயு போய்விடும், கரி சுவரில் தங்கிவிடும். தங்கிய கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும். கரி கூடியதும் என்ஜின் சிறிது மேலதிக டீசலை விசிறிப் புகைக்குழாயை ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் கரி எரிந்துபோக 15 முதல் 20 நிமிடங்கள்வரை பிடிக்கும்.

இந்தச் சாமான் எமக்கு வந்தது யப்பானிலிருந்து. 1999 இல் தோக்கியோவின் ஆளுநராக இருந்த ஷின்தாரோ இஷிஹாரா, டீசல் கரி அடைத்த பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றைப் பத்திரிகையாளர் முன் குலுக்கிக் காட்டினார். 2003 ஒக்ரோபரில் தோக்கியோவும் அயலிலுள்ள மூன்று மாகாணங்களும் விதிக்கு அமையாத டீசல் லொறிகளும் பஸ்களும் தம் எல்லைக்குள் ஓடத் தடை விதித்தன. 2009 இன் பின் யப்பானின் விதிகள் மேலும் இறுகின. அதற்குப் பின் செய்யப்பட்டு, அங்கு ஓடிக் கழிந்து இங்கு வந்த டீசல் வான்களிலும் சிறிய லொறிகளிலும் கரிவடி இருக்கும் என்றே எதிர்பார்க்க வேண்டும். அந்த வண்டிகள் குடித்துப் பழகிய டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்கைத் தாண்டாது. எமது சாதாரண ஒட்டோ டீசலில் அது பலமடங்கு. கந்தகம் கூடினால் கரிவடிக்கு முன்னால் உள்ள ஊக்கியின் வேலை மந்தமாகும். கட்டுப்படியானால் சுப்பர் டீசல் அடிப்பது நல்லது.

டீசலை விடப் பெரிய காரணம் எமது தீவின் அளவு. மன்னார்ப் பாலத்திலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை போனாலும் முப்பது கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரம்தான். பாடசாலை வான் அதில் கால்வாசியும் போவதில்லை. ஒவ்வொரு படலையிலும் நிற்கிறது. புகைக்குழாய் சூடாகி, கரி எரியத் தொடங்கும்போது பொடியன் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுகிறான். அடுத்த ஓட்டத்திலும் அதுவே நடக்கிறது. எரிப்பு பாதியில் நின்று நின்று கரி சேர்ந்து, ஒருநாள் விளக்கு எரிகிறது. இதே வான் மாதத்தில் இரண்டு தடவை வவுனியாவுக்கோ, பூநகரி வழியாக யாழ்ப்பாணத்துக்கோ ஹயர் போனால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

எமது பழைய பாஸ்மாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் காரோட்டிக் காட்டியவர்கள் அவர்கள். அந்தக் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைய என்ஜின் எதையும் சகித்தது. இன்றைய டீசல் என்ஜின் சகிக்காது. அதன் பம்பும் இன்ஜெக்டரும் டீசலின் எண்ணெய்த்தன்மையிலேயே வழுக்கி ஓடுகின்றன. மண்ணெண்ணெய் கலந்தால் அவை தேய்ந்து, டீசல் பூந்தூறலாக விழாமல் சொட்டாக விழும், கரி பெருகும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அதற்கு முன் இரண்டின் விலையும் வெகுதூரம் விலகியிருந்ததால் கலப்படம் செய்வோருக்கு ஆசை இருந்தது. அந்த வருடத்து வரிசைகளின்போது கான்களில் சேமித்த டீசலும் தண்ணீரும் தூசியும் கலந்துதான் பல வண்டிகளுக்குள் போனது. அக்காலத்தில் ஓடிய வண்டியை வாங்கியவர்கள் இன்ஜெக்டர்களை ஒருதரம் சோதிப்பது நல்லது.

சரி, விளக்கு எரிகிறது. முதலில் என்ன செய்வது? செலவில்லாததிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்ஃப், டைனா, ஹினோ போன்ற லொறிகளில் டி.பி.டி. அல்லது டி.பி.ஆர். என்று எழுதிய ஒரு பொத்தான் இருக்கும். விளக்கு மின்னினால் அது “என்னை எரிக்க விடு” என்று வண்டி கேட்பது. வெளியான இடத்தில் நிறுத்தி, ஹான்ட் பிரேக் போட்டு, கியரை நியூற்றலில் விட்டு, என்ஜின் ஓட அந்தப் பொத்தானை அழுத்தி, முடியும்வரை காத்திருக்க வேண்டும். பொத்தான் இல்லாத வானை நீண்ட வீதியில் அரைமணி நேரம், ஏறத்தாழ 60 வேகத்தில், நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். பாலம் கடந்து மதவாச்சி வீதியில் முருங்கன் பக்கம் போய்த் திரும்பினால் போதும். ஆனால் விளக்கு சிவப்பாகியிருந்தாலோ வண்டி இழுவையே அற்றுப்போயிருந்தாலோ இதைச் செய்யக்கூடாது. அளவுக்கு மிஞ்சிய கரி ஒரேயடியாக எரிந்தால் பீங்கான் வெடித்துவிடும்.

அதற்குமுன் ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஒயில் குறைந்தால் கவலைப்பட நாம் அறிவோம். இங்கே கூடினால்தான் கவலை. பாதியில் நின்ற ஒவ்வொரு எரிப்பிலும் மேலதிக டீசலில் ஒரு பகுதி என்ஜினின் அடியில் இறங்கி ஒயிலோடு கலக்கிறது. மேற்கோட்டைத் தாண்டி, டீசல் மணத்தோடு இருந்தால், எதற்கும் முதல் ஒயிலை மாற்றுங்கள். நீர்த்த ஒயிலில் ஓடும் என்ஜினின் பெயாரிங்குகளும் டேபோவும் தேய்ந்துபோகும். அந்தச் செலவு கரிவடியின் செலவைச் சிறிதாக்கிவிடும்.

அடுத்தது கராஜ். கரிவடியின் முன்னும் பின்னும் இருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் ஒரு சிறிய பெட்டிக்குப் போகும். அது இருபக்க அழுத்த வித்தியாசத்தை அளக்கும் சென்சர். வித்தியாசம் கூடினால் வடி அடைபட்டிருக்கிறது என்று கொம்பியூட்டர் எண்ணும். எமது உப்புக் காற்றிலும் சூட்டிலும் அந்தக் குழாய் வெடித்தாலோ கழன்றாலோ, சென்சரின் பிளக் பச்சை பூத்தாலோ, வடி நன்றாக இருக்கவே விளக்கு எரியலாம். ஸ்கானரைக் கொழுவி, என்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி, அழுத்த வித்தியாசம் எவ்வளவு என்று கேளுங்கள். பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் பிழை சென்சரில். பின்னர் என்ஜினை ஓடவிட்டு அக்சிலேற்றரை மிதித்தால் எண் ஏற வேண்டும். கொஞ்சமும் ஏறாவிட்டால் குழாய் கழன்றிருக்கலாம், அல்லது உள்ளே வடியே இல்லாமலும் இருக்கலாம்.

ஸ்கானரில் வரும் இலக்கங்களை ஒரு கடதாசியில் எழுதித் தரச்சொல்லுங்கள். பி 2463 என்றால் கரி அளவுக்கு மிஞ்சிவிட்டது. பி 2002 என்றால் வடி தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை, வெடித்திருக்கலாம். இலக்கத்தை அழித்து விளக்கை அணைத்துவிட்டு, “திருத்தியாயிற்று” என்று காசு வாங்குவது திருத்தமல்ல. அடுத்த கிழமை விளக்கு திரும்பவும் எரியும்.

வடி அடைபட்டது உண்மையென்றால், கரி எங்கிருந்து கூடுகிறது என்று தேட வேண்டும். காற்று வடி அடைபட்டிருக்கலாம். டேபோவிலிருந்து வரும் காற்றுக் குழாய் கிழிந்திருக்கலாம். புகையில் ஒரு பங்கை என்ஜினுக்குள் திருப்பிவிடும் ஈ.ஜீ.ஆர். வால்வு கரிபிடித்துத் திறந்தபடி நின்றிருக்கலாம். இன்ஜெக்டர் ஒழுகலாம். இவற்றைப் பார்க்காமல் புதிய கரிவடி போட்டாலும் சில மாதங்களில் அதுவும் அடைபடும். காரணத்தைத் திருத்திய பின், ஸ்கானர் மூலம் கட்டாய எரிப்பு ஒன்றைச் செய்யச் சொல்லலாம்.

அதற்கும் அசையாவிட்டால் வடியைக் கழற்றிக் கழுவ வேண்டும். கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் வருவது என்ஜின் ஒயிலில் உள்ள உலோகச் சேர்மானங்களிலிருந்து. நீண்டதூரம் ஓடிய வண்டியில் அது துளைகளின் அடியில் கட்டியாகிக் கிடக்கும். சூளையில் சுட்டு எதிர்ப்பக்கமாகக் காற்றடித்தோ, அதற்கென்ற இயந்திரத்தில் கழுவியோ எடுப்பார்கள். சுத்தியலால் தட்டுவதும் சேர்விஸ் ஸ்ரேசன் தண்ணீர்த் துவக்கால் அடிப்பதும் பீங்கானை உடைக்கும். இனி ஒயில் வாங்கும்போது கானில் வானுக்கு டி.எல். 1 என்றும், லொறிக்கு டி.எச். 2 என்றும் யப்பானியத் தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். அவை சாம்பல் குறைந்தவை.

இப்போது அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். வெட்டலாமா? வெட்டியவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களைக் குற்றவாளிகளாக நான் பார்க்கவில்லை. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் வெட்டிய வண்டியும் தேறிவிடக்கூடும். எனவே சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தவும் மாட்டேன். ஆனால் வெட்டினால் கரி கூடுவதற்கான காரணம் அப்படியே இருக்கும். கொம்பியூட்டரைச் சரியாக மாற்றாவிட்டால் அது இல்லாத வடியை எரிப்பதற்கு டீசல் விசிறிக்கொண்டே இருக்கும், ஒயிலும் கெட்டுக்கொண்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 யூனில் டீசல் புகையைப் புகையிலையும் அஸ்பெஸ்ரஸும் உள்ள முதலாம் தொகுதியில் சேர்த்தது. அந்த வானின் பின்னால் சைக்கிளில் வருவது அடுத்த வீட்டுப் பிள்ளை. சென்சர் குழாய், ஒயில், ஈ.ஜீ.ஆர். மூன்றையும் பார்க்காமல் வெட்ட விடவேண்டாம் என்பதே என் பதில்.

புதிதாக வாங்க இருப்போருக்கு: 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் கைமாறிக் கைமாறி வந்த வண்டிகளே சந்தையில் அதிகம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது புகைக்குழாயின் வாய்க்குள் விரலைவிட்டுத் தேய்த்துப் பாருங்கள். கரிவடி நன்றாக இருந்தால் விரல் அநேகமாகச் சுத்தமாகவே வரும். மையாகக் கறுத்தால் வடி வெடித்தது அல்லது வெட்டப்பட்டது. கூட்டில் புதிய வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியாத விளக்கு பழுதை மறைப்பதற்காகப் பிடுங்கப்பட்டிருக்கலாம்.

ஓட்டுகின்ற பொடியனிடமும் இரண்டு விடயம் சொல்லி வையுங்கள். சும்மா நிற்கும்போது என்ஜின் சத்தம் கூடி, எரிந்த மணம் வந்து, விசிறி பலமாக ஓடினால் எரிப்பு நடக்கிறது. நிறுத்தாமல் இன்னும் பத்து நிமிடம் ஓடவேண்டும். அந்த நேரத்தில் காய்ந்த புல்லின் மேலோ, பனையோலை குவித்த இடத்திலோ, கிடுகு வாடிக்கு அருகிலோ வண்டியை நிறுத்தவே கூடாது.